ஏழு பொத்தான்

மார்ச் 3

பேத்திக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் வயிற்றில் உன் அம்மா, என் தங்கை, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் இரண்டு பெண்கள், தையல் கூடத்து மேஸ்திரி. நீ இல்லை. அப்புறம் எந்தத் தைரியத்தில் அதைக் கார்ட்டூன் படமாக வரைந்தாய்?

நீ அனுப்பின பாட்டை நாலு தடவை பார்த்தேன். வேலைக்குப் போட்டுக்கொள்ளக் கூடத்தில் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு சரி. கழுத்தை நெரிக்கிற காலரும் சரி. மனசு திணறுவதைத் துணியிலேயே காட்டிவிட்டாய், கெட்டிக்காரிதான். ஆனால் அந்தப் பெண் "கழற்றி எறிந்தேன்" என்று பாடி அதை வீசுகிறாள், கோட்டுக்குச் சிறகு வேறு முளைக்கிறது. நான் எறியவில்லையடி. மேஸ்திரி கழற்ற வைத்தான். எல்லார் முன்னாலும், ஏழு பொத்தானையும், ஒவ்வொன்றாக. பாடினேன், அது உண்மை. பாடாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

யார் உனக்கு இந்தக் கதையைச் சொன்னது?

கோபத்தோடு,
பாட்டி

மார்ச் 11

அன்புள்ள பாட்டி,

சின்னப் பாட்டிதான் சொன்னார்கள். "உங்க பாட்டி கோட்டைக் கழட்டி மேஸ்திரி மூஞ்சியில எறிஞ்சுட்டு, பாடிக்கிட்டே வெளிய போனாடி." அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எதற்காகக் கழற்றச் சொன்னான்? படம் வெளியாக ஒரு மாதம் இருக்கிறது. சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

என்னைத் திட்டிவிட்டாவது நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பேத்தி

மார்ச் 16

பேத்திக்கு,

சாப்பிட்டேன்.

அந்தக் கோட்டில் பை கிடையாது. பை இருந்தால் நூல் திருடுவோமாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பசிக்காதா? உள்பக்கம் ஒரு பை தைத்து ரெண்டு பிஸ்கட் வைத்திருந்தேன். அது ஒருத்திக்குத்தான் தெரியும், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவளுக்கு. ஒரே வாரத்தில் மேஸ்திரி வந்தான், அவன் விரல் நேரே அந்தப் பைக்குப் போனது. என் வேலை போயிற்று. என் ஜன்னலோர மிஷினில் அவள் உட்கார்ந்தாள்.

"எறிந்தேன்" வேண்டாம், "கழற்றச் சொன்னார்கள்" என்று பாட்டை மாற்று. சிறகை அழி. உள்பையை வரை, பிஸ்கட்டோடு. ஏழாவது பொத்தான் வரைக்கும் பாடுகிற பெண்ணின் குரல் நடுங்கட்டும், உடையக் கூடாது.

மேஸ்திரி செத்துப் போனான், அவனை விட்டுவிட்டேன். காஜாப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பாவம், அவர்களுக்கும் வயிறு இருந்தது. உன் மேல் இருந்த கோபம் கடிதத்தைப் பிரித்ததுமே போய்விட்டது. ஆனால் செய்ததையும் செய்துவிட்டு, ஐம்பது வருஷமாக என்னை வீராங்கனை ஆக்கித் தன் கையைக் கழுவிக்கொண்டாளே, அவளை மன்னிக்க மாட்டேன்.

என் தங்கையை.

பாட்டி