லாவண்யாவுக்குப் பட்டு எடுத்த கதை

12.3.2006, ஞாயிறு
லண்டனில் வக்கீலுக்குப் படித்து, அங்கேயே ஓர் ஆபீசில் இரண்டு வருஷம் தொழிலும் பழகிவிட்டு என் பேத்தி லாவண்யா ஆரணிக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இனி இங்கேதான் வக்கீல் தொழிலாம். தெருவில் இதை நான் சொல்லாத வீடு ஒன்றே ஒன்று, அது பூட்டியிருந்தது.

எதிர்வீட்டு தேவகி, "பொண்ணு எப்பக்கா கோர்ட்டுக்குப் போவுது?" என்றாள்.

"நாளைக்கே" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

14.3.2006
நாளைக்கு இல்லையாம். அந்த ஊர்ப் படிப்புக்கு இங்கே தனியாக ஒரு பரீட்சை எழுதித் தேறினால்தான் கோர்ட்டில் கறுப்புக் கவுன் போட முடியுமாம். "யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத ஆயா" என்றாள். இனி என்ன சொல்வது? சொன்னதைத் திரும்ப வாங்கத்தான் வழி தெரியவில்லை.

2.4.2006
இட்லி தின்றுகொண்டே லண்டன் கதை சொன்னாள். "அங்க ஒருத்தர் பெரிய வக்கீலாயிட்டா, பட்டு எடுத்துட்டாருன்னு சொல்வாங்க ஆயா. கவுனே பட்டுல இருக்கும்." அதற்கு மேல் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. பட்டு எடுப்பதா! கல்யாணப் பட்டு எடுக்க எந்தெந்த ஊரிலிருந்தோ ஆரணிக்கு பஸ் பிடித்து வருகிறார்கள். என் பேத்திக்குப் பட்டு எடுக்க எனக்குத் தெரியாதா?

5.4.2006
எங்களுக்கு நெய்து தரும் ராமதாஸிடம் ரகசியமாகப் போனேன்.

"முழுக் கறுப்பா? என் தறியில இதுவரிக்கும் ஏத்தினதில்ல பெரிம்மா. யாருக்கு?"

"லண்டன் வக்கீலுக்கு."

"ஜரிகை?"

ஜரிகை இல்லாவிட்டால் ஆரணிப் பட்டு என்று எவன் நம்புவான்? "ரெண்டு வெரல் அகலம் வெய்யி" என்றேன்.

19.8.2006
பரீட்சை முடிவு வந்துவிட்டது. ஃபெயில். அவள் அழவில்லை. நான்தான் கொல்லைப்பக்கம் போய் — சரி, விடு.

20.8.2006
தேவகி கேட்டாள். "பேஜாரு புடிச்ச தபால்காரன் இன்னும் கொண்டாரல" என்றேன். பாவம் தபால்காரன்.

3.9.2006
லண்டன் ஆபீசிலிருந்து கடிதம். ஜனவரிக்குள் திரும்பினால் வேலை தயாராம். "போயிடட்டுமா ஆயா?" என்றாள். தேவகியிடம் என்ன சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிள்ளை இருப்பாளா போவாளா என்பது அதற்கு அப்புறம்தான். இதெல்லாம் ஒரு மனசா?

பதில் சொல்வதற்குள் ராமதாஸ் வந்து நின்றான். கையில் தைத்து முடித்த கவுன். கறுப்பில் ஜரிகை பளபளவென்று மின்னுகிறது.

"இது எதுக்கு ஆயா?"

"நீதானடி பட்டு எடுக்கணும்னு சொன்ன?"

தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "நேத்து வந்தவ இத போட்டுகினு போனா ஜட்ஜே எழுந்து நிப்பாரு. ஜரிகை வேற! முகூர்த்தத்துக்குப் போற வக்கீலாட்டம்!" வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

4.9.2006
தேவகியிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். "அதுக்கின்னாக்கா, எம்பையன் டென்த்தே மூணு தபா எழுதினான்" என்றாள். லண்டன் படிப்பை டென்த்தோடு சேர்த்துவிட்டாளே என்று வீடு வந்து சேரும்வரை கோபம். திருந்துகிற ஜென்மமா நான்?

லாவண்யாவிடம், "ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன், இனி எனக்கு வெக்கமில்ல. போறதுன்னா போ, எழுதறதுன்னா எழுது" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

21.1.2007
ஜனவரி முடியப் போகிறது. நான் கேட்கவில்லை. லண்டன் கடிதத்தைச் சட்டப் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக வைத்திருக்கிறாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்கிறது.

10.2.2007
பாஸ்! தேவகி வீட்டுக்கு நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன், ஜல்தியாக.

12.4.2007, வியாழன்
ஆரணி கோர்ட்டில் அவளுக்கு முதல் நாள். கடையில் வாங்கிய சாதாரணக் கவுன்தான். கிளம்புமுன் பட்டுக் கவுனை மடித்து என் பெட்டியில் வைத்தாள்.

"பத்திரமா வெய்யி ஆயா. இருவது வருசம் இந்த ஊருலயே வாதாடி நெஜமாவே பட்டு எடுக்கறேன். அந்த ஜரிகைய மட்டும் பிரிச்சுடு."

பிரிக்க மாட்டேன்.

எனக்கு இப்போது எழுபத்தொன்று. சாயங்காலம் பாச்சை உருண்டை வாங்கப் போனேன். ஒரு பாக்கெட் போதுமே என்றார் கடைக்காரர். நாலு வாங்கி வந்தேன்.