செண்டுமல்லி விதை முடிச்சு

18-10-78, புதன்
விடாத மழை. வாடகைக்கு ஒரு சைக்கிள் போகவில்லை. ஒரே ஒரு பஞ்சர். மத்தியானமே கடையைப் பூட்டியாயிற்று.

சரசு ஜெயங்கொண்டத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய் இது ரெண்டாவது மாதம். சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. “வூட்ல பேச ஆளில்லாம செடியோட பேசிக்கிட்டுக் கெடக்குறேன்” என்றாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். ஒரு பையோடு கிளம்பிவிட்டாள்.

தீப்பெட்டி தேடும்போது அடுப்படி மாடத்தில் அவளுடைய செண்டுமல்லி விதை முடிச்சு. வருஷா வருஷம் ஐப்பசியில் வீட்டுக்குள் போடுவாள். வெளியே போட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். மழை குறைந்ததும் நாற்றைப் பிடுங்கி வாசலில் நடுவாள். பொங்கலுக்குப் பூக்கும்.

நானே போட்டால் என்ன? வாசலில் செடி நின்றால் அவளைக் கூப்பிடப் போக ஒரு முகம் இருக்கும்.

19, வியாழன்
ஓட்டைக் குண்டான். மணல். மக்கின எரு, பால்காரர் வீட்டில். எறும்புக்குச் சாம்பல்.

எப்படிப் போடுவது என்று யாரைக் கேட்க? எங்கள் ஊரில் முளைப்பாரி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதேதான். தெளித்து, மண் தூவி, உள்ளறை இருட்டில் கூடை போட்டு மூடியாயிற்று. கொஞ்சம் விதை மிச்சம் வைக்கலாமா என்று நினைத்தேன். எதற்கு? மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

24, செவ்வாய்
முளைத்துவிட்டது!! தலைதலையாக. கடையில் ரெண்டு பேர் என்னப்பா சிரிக்கிறே என்றார்கள். செயின் எண்ணெய் வாங்க வேண்டும்.

29, ஞாயிறு
விரல் நீளம். வெள்ளை வெளேரென்று, உச்சியில் மட்டும் மஞ்சள். முளைப்பாரியும் இப்படித்தான் இருக்கும். நல்லதுக்குத்தான்.

2-11, வியாழன்
தீபாவளிக்கும் வரவில்லை. எதிர்பார்த்த என்னைச் சொல்ல வேண்டும்.

காலையில் வெயில். குண்டானை வாசலில் வைத்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் அத்தனையும் படுத்துக் கிடக்கிறது. நனைந்த நூல் மாதிரி. பக்கத்து வீட்டு ராணி எட்டிப் பார்த்தாள்.

“ஏண்ணே, இதென்ன முளைப்பாரியா இருட்டுல மூடி வக்க? பூச்செடி மொளச்சதும் வெளிச்சம் காட்டணும். அக்கா எப்பவும் சமையக்கட்டு சன்னல்லதான வச்சிருக்கும். நீங்க பாத்ததே இல்லையா?”

இல்லை. ஒன்பது வருஷம் அந்த சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன்.

3, வெள்ளி
தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் எழவில்லை. குண்டானைக் கவிழ்த்தாயிற்று. சோறு குழைந்துவிட்டது.

12, ஞாயிறு
மழை இல்லை. பத்து மணி வாக்கில் சரசுவின் தம்பி வந்தான். மனசு ஒரு நிமிஷம் எங்கெங்கோ போய்விட்டது. டீ போட்டுக் கொடுத்தேன்.

“அக்கா துணிமணியெல்லாம் வேணாம்னுடுச்சு மாமா. அடுப்படி மாடத்துல விதை முடிச்சு இருக்காம். அத மட்டும் வாங்கியாறச் சொல்லுச்சு. மழை வுட்டுருச்சுல்ல, அங்க வாசல்ல போடணுமாம்.”

உள்ளே போனேன். வெறும் துணிதான் கிடந்தது. உனக்காகப் போட்டேன், தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம்.

“எலி தின்னுடுச்சுப்பா” என்றேன்.

“சரிங்க மாமா” என்று மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டான். நல்ல வெயில்.