ஆறாம் தொட்டியின் குறிப்பு

மார்ச் 3
மீன்குஞ்சுப் பண்ணைகளுக்கான எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு இன்று வெளியானது. எந்தத் தொட்டிக்கு எவ்வளவு சூடு என்று பண்ணைக்காரர்கள் கையால் திருத்தி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பை அதுவே புதிய வடிவத்துக்கு மாற்றிவிடும்.
"மாத்துறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்தை கேக்கலாமே சார்."
"கேட்டா பயந்துபோய் வேணாம்னு அமுக்கிடுவாங்க" என்றார் மேலாளர்.
தலையாட்டினேன். என் தலைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மார்ச் 5
ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். வயதான குரல்.
"நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. அதுக்கு மேல என் வீட்டுக்காரி எழுதி வச்சதெல்லாம் எங்க?"
ஒவ்வொரு தொட்டியையும் ஏன் அந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று அந்த அம்மா கோப்புக்குள்ளேயே எழுதி வந்திருக்கிறார். பதினோரு வருஷக் குறிப்புகள். போன வருஷம் இறந்துவிட்டாராம்.
குறிப்பு இயந்திரத்துக்குத் தேவையில்லை. அதனால் என் நிரல் அதைத் தூக்கி எறிந்துவிட்டது.
"பழைய பிரதி உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். நாளைக்கு எடுத்துத் தரேன், கவலப்படாதீங்க ஐயா" என்றேன்.

மார்ச் 6
இனி யாருடைய குறிப்பும் போகக்கூடாது என்று அவசரமாக ஒரு திருத்தம் எழுதி, காலையிலேயே அனுப்பினேன். எல்லாப் பண்ணைக் கணினிகளிலும் தானாக ஏறியது.
மதியம், இங்கிருந்தபடியே அவர் கணினிக்குள் போய்ப் பழைய பிரதியைத் திறந்தேன். வெறும் எண்கள்.
ஒவ்வொரு முறை புதுப் பதிப்பு ஏறும்போதும் எங்கள் மென்பொருள் அப்போதிருக்கும் கோப்பைத்தான் பழைய பிரதியாக எடுத்துவைக்கும் – அதே பெயரில், முந்தையதன் மேலேயே. என் திருத்தம் அந்த அம்மாவின் எழுத்தின் மேல் மொட்டைக் கோப்பை எழுதிவிட்டது. இருந்த ஒரே பிரதி.
எனக்குத் தெரியாதா இது? நான் எழுதினதுதானே? என்ன செஞ்சு தொலைச்சேன்!

மார்ச் 7
அவரிடம் சொன்னேன்.
"வேணும்னேவா பண்ணின... விடும்மா."
திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 12
கணினியில் அழிந்ததை மீட்டுத் தருபவரும் கையை விரித்துவிட்டார்.

ஏப்ரல் 20
கையால் திருத்திய கோப்பை இனித் தொடமாட்டோம், கேட்டுவிட்டுத்தான் மாற்றுவோம். மேலாளர் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். எல்லோர் முன்பும் என்னைப் பாராட்டினார். எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

மே 9
அந்தப் பண்ணைக்காரரே கூப்பிட்டார்.
"'இந்தக் கோப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டுமா'ன்னு கேக்குதும்மா. என்ன அமுக்கட்டும்?"
இங்கிருந்தே அவர் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆறாம் தொட்டிக்கு மேலே அவர் தட்டிய ஒரே ஒரு வரி:
இதுக்கு அவ ஏதோ காரணம் சொன்னா.
"அப்படியே இருக்கட்டும் ஐயா" என்றேன்.