நோன்பு பிடித்த மீன்கள்

உம்மா,

இன்று காலை ராத்தா அச்சாறு போடுவதற்கு வினாகிரிப் போத்தலைத் திறந்தாள். குசினி முழுக்க வாடை. எனக்கு உங்கள் வலது கை ஞாபகம் வந்தது. வீங்கிச் சிவந்த விரல்கள், அவற்றைச் சுற்றி வினாகிரியில் நனைத்த சீலைத் துண்டு. வெங்காயம் உரித்த கண் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மச்சான் ராத்தாவைக் கல்யாணம் முடித்து நம் வீட்டு மருமகனாக வந்தபோது ஒரு சூட்கேசும் ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்தார். பாசிக்குடாப் பக்கம் கடலுக்குள் சுழியோடி, கொழும்பு முதலாளி ஒருவருக்கு அழகு மீன் பிடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். இந்தத் தொட்டி மட்டும் அவருடைய ஆசைக்கு. கல்முனைக் கடற்கரையில் கலன் கலனாகத் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றினார். துளை விழுந்த கடற்கற்களை அடுக்கினார். அவற்றில் பூ மாதிரி விரிந்து சுருங்கும் உயிர்கள் ஒட்டியிருந்தன. பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "பொண்ணு ஊட்டாக்கள்தான் சீதனம் குடுக்கிற. ஒங்கட மருமகன் கடலையே சீதனமாக் கொண்டு வந்திரிக்காரு" என்று சிரித்தா. நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்குப் பெருமைதான்.

அந்தத் தொட்டியில் மண்ணிற மீன் ஒன்று கல்லுக்குப் பின்னாலேயே கிடக்கும். தீனி போட்டால் மற்ற மீன்கள் பாய்ந்து வரும். அது வராது. நானும் அப்போது அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மச்சானின் சைக்கிள் வளவுக்குள் வரும் சத்தம் கேட்டால் குசினித் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். அவர் வந்து மாதங்களாகியும் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் அந்த மீனைக் காட்டி, "இதும் ஒன்னப் போலதான் மகள். கேட்டு வாங்கித் திங்கத் தெரியாது" என்பீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரு சிட்டிகை இறால் தூள், அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் மச்சான் கடலுக்குப் போவார். உங்களால் முடியவில்லை. "மருமகன்ட மீன் நம்மட ஊட்ட பட்டினி கெடந்தா ஊரு என்ன கதைக்கும்?" என்று காலையில் ரொட்டி பிய்த்துப் போடுவீர்கள். பகலில் சோறு. கல்லுக்குப் பின்னால் இருப்பதற்குத் தனியாக, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு உருண்டையைக் கல்லின் அடிக்கே கொண்டுபோய் வைப்பீர்கள். அது அதைத் தின்றதை நான் ஒருநாளும் காணவில்லை.

முதலில் ஒன்றிரண்டு புழுதான் தெரிந்தது. பிறகு ஒரு மாலை கரண்ட் போனபோது மச்சான் டோர்ச் அடித்தார். கல்லின் ஒவ்வொரு துளையிலிருந்தும் இளஞ்சிவப்பாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. முருங்கை மரத்து மயிர்க்கொட்டிப் புழு போல இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். கல்லில் ஒட்டிய அந்தப் பூக்களின் மேலெல்லாம் அவை ஊர்ந்ததில், பூக்கள் விரிவதை விட்டுவிட்டன. மச்சான் கிழிந்த வலைத் துண்டில் இறால் தலையை முடிந்து உள்ளே இறக்கிவைத்தார். இருட்டில் புழுக்கள் வந்து வலைக் கண்ணில் சிக்கின. காலையில் கொத்தாகத் தூக்கி எறிந்தார். மறுநாளும் அவ்வளவு. அதற்கடுத்த நாளும் அவ்வளவு.

"இதுகளுக்கு எங்கயிருந்துதான் தீனி கிடைக்குதோ தெரியா. இது இந்த ஊட்ட சரிவராது. தொட்டிய எங்கட உம்மாட ஊட்ட கொண்டு போறன்" என்று அவர் ராத்தாவிடம் சொன்னது உங்களுக்கும் கேட்டது. மருமகனின் சாமான் வண்டியேறித் தாய் வீட்டுக்குப் போனால், அடுத்தது மருமகனும்தான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். நீங்கள் அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டீர்கள். மீன்கள் வாடிப் போனதால்தான் புழு வந்தது என்று நினைத்து, அடுத்த நாள் இன்னும் பெரிய உருண்டை வைத்தீர்கள். அன்றுதான் புழுவின் மயிர் உங்கள் விரல்களில் ஏறியது.

மாலை பிட்டுக்கு மாக் குழைக்க உங்களால் முடியவில்லை. தண்ணீர் குடிக்க வந்த மச்சான் கண்டுவிட்டார்.

"மாமி, கையில என்ன?"

"ஒண்டுமில்ல மகன். சட்டி சுட்ட."

அவர் உங்களை முன் அறைக்குக் கூட்டிப் போய், கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடித் தூள் போல மயிர்கள் மின்னின. அவருக்கு எல்லாம் விளங்கியது. கோபிக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டி இழுத்து மயிர்களை எடுத்தார். ராத்தாவிடம் வினாகிரி கேட்டார். அதன் பிறகுதான் சொன்னார்.

"மாமி, நீங்க குடுக்கிற சோறு மீனுக்குப் போகல்ல. புழுவுக்குத்தான் போகுது. மீனுக்கு ஒரு நேரம் காணும்."

"ஒரு நேரம் திண்டுட்டு ஆரு மகன் உசிரோட இரிக்கிற? அதுகள் வாயத் தொறந்து தொறந்து என்னப் பாக்குதே. நான் எப்பிடிப் பாத்துக்கிட்டு இரிக்கிற?"

மச்சான் தொட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். இதோ போகப்போகிறது என்று எனக்குப் பட்டது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"உம்மா, மீனெல்லாம் நோம்பு எண்டு நெனச்சுக்கங்களன்."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சான் திரையைப் பார்த்து, "ஆரு, மச்சியா? இந்த ஊட்ட நீங்களும் இரிக்கீங்களா?" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை.

"நோம்பா?"

"ஓம் உம்மா. மஃரிபுக்குத் தொறக்கட்டும்."

வினாகிரிச் சீலையை விரல்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டீர்கள். "அப்ப இடையில குடுத்தா நமக்குத்தான் பாவம்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு பருக்கைகூட விழவில்லை. பக்கத்து வீட்டு மாமி ரொட்டித் துண்டோடு வந்தால், "போடாதீங்க, அதுகள் நோம்பு" என்று தடுப்பீர்கள். மாலையில் மஃரிபு பாங்கு சொன்னதும் ஒரு சிட்டிகை இறால் தூள் போட்டுவிட்டுத்தான் தொழுகைக்கு வுழூச் செய்யப் போவீர்கள். நோன்பு மாதம் வந்தபோது நாங்கள்தான் மீன்களோடு போய்ச் சேர்ந்துகொண்டோம். வலையில் சிக்கும் புழு நாளுக்கு நாள் குறைந்தது. பூக்கள் திரும்பவும் விரிந்தன. மிச்சப் புழுக்களை மச்சான் விட்டுவிட்டார். கொஞ்சம் இருந்தால் கழிவைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்குமாம். அதைக் கேட்டு உங்களுக்குத்தான் எவ்வளவு சந்தோசம். "அதுகளுக்கும் ஒரு வயிறு இரிக்கிதானே" என்றீர்கள்.

தொட்டி இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது உம்மா. பாங்கு சொன்னதும் இப்போது நான்தான் போடுகிறேன். மண்ணிற மீன் கல்லை விட்டு வெளியே வந்து, கண்ணாடியோடு ஒட்டி நின்று என் கையைப் பார்க்கிறது.

படுக்கையில் கிடந்த நாட்களில் ஒருதரம் கேட்டீர்கள். "நான் இல்லாட்டி நீ ஆருக்கிட்டப் புள்ள கேட்டுத் திம்பாய்?" அப்போது நான் உங்கள் விரல்களைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று இரவு எல்லோரும் சாப்பிட இருந்தோம். மீன் கறிச் சட்டி அந்தப் பக்கம் இருந்தது.

"மச்சான், அந்தச் சட்டிய இஞ்சால தள்ளுங்க" என்றேன்.

ராத்தாவின் கை அப்படியே நின்றது. மச்சான் சட்டியை என் முன்னால் தள்ளிவைத்தார். நான் இரண்டு துண்டு எடுத்துத் தின்றேன் உம்மா.