ஹெல்மெட்டுக்குள் இருந்த எழுத்து

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டு என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து யானை மாதிரி இருக்கிறது, அடுத்தது எறும்பு மாதிரி. கோட்டின் மேல் நிற்கச் சொன்னால் பாதி எழுத்துகள் கீழே தொங்குகின்றன. நாற்பத்தாறு வருஷம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்த கை இது. ஒரு சொட்டு வழிந்ததாக யாரும் சொன்னதில்லை. பேனாவைப் பிடித்தால் மட்டும் வழிகிறது.

எழுபத்தொரு வயதில் இது போதும் என்கிறார் டீச்சர். நூலக மாடியில் மாலை வகுப்பு. அங்கே நான்தான் மூத்தவன், நான்தான் அதிகம் பேசுகிறவனும்.

எழுதியதை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கும் எழுத்து தெரியாது. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்றாள்.

இதோ, எழுதிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வீட்டுப்பாடம்: வீட்டில் எழுத்துள்ள எல்லாவற்றையும் படித்து வர வேண்டும். சோப்பு உறை, மாத்திரை அட்டை, மிக்ஸியின் அடிப்பாகம் எல்லாம் படித்தேன். தீப்பெட்டியில் ஐம்பது குச்சி என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு. இத்தனை வருஷமாக ஏமாந்திருக்கிறேன்!

மாலையில் மச்சினன் வந்தான். வீட்டுக்காரியின் தம்பி, அறுபத்து நாலு வயது. வாசலிலேயே கத்தினான். "மாமா! வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

வண்டி என்றால் எங்கள் சிவப்பு வண்டி. கூரை துருப்பிடித்துப் போன பழைய காரை நாங்கள் இருவரும் வாங்கி, கூரையை அறுத்தெறிந்து, திறந்த காராக ஆக்கினோம். முன்கண்ணாடி நெஞ்சு உயரம்தான். முதல் நாளே லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் என் புருவத்தில் பட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போவோம். ஊரே சிரித்தது. ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, "ஐயா, சட்டம் பைக்குக்குத்தான்" என்றார். மச்சினன், "மண்டை எல்லாருக்கும் இருக்கே சார்" என்றான்.

இரண்டு ஹெல்மெட்டுக்கும் வண்டியின் அதே சிவப்பை நான்தான் அடித்தேன்.

இரண்டு வருஷம் முன்பு, கால்வாய் வளைவில் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. எனக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும். அவன் தலை மைல் கல்லில் மோதியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. அவன் அக்கா, என் வீட்டுக்காரிதான், ஆஸ்பத்திரித் தரையிலேயே படுத்து அவனைப் பார்த்துக்கொண்டாள். பிழைத்துவிட்டான். இடது காது போனது போனதுதான்.

அந்தப் பிளந்த ஹெல்மெட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம், "மாமா பெயிண்ட் அடிச்சது. என் உசுரைக் காப்பாத்துனது" என்பான்.

புது ஹெல்மெட் இரண்டு வாங்கப் போகிறானாம். நானே பெயிண்ட் அடிக்க வேண்டுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று படிப்பதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. ஷெட்டுக் கதவின் பின்னால் என் பழைய ஹெல்மெட் தொங்கியது. உள்ளே பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு தாள் ஒட்டியிருந்தது. நல்ல நீளமான தாள்! சந்தோஷமாக வெளிச்சத்துக்கு எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

'இதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. தின்னர், பெட்ரோல் படக் கூடாது. பட்டால் ஓடு வலுவிழக்கும். வெளியே தெரியாது.'

'வலுவிழக்கும்' என்ற வார்த்தைக்கே கால் மணி நேரம் ஆனது. வ, லு, வி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சேர்ந்ததும், படித்துவிட்டேன் என்று தொடையில் தட்டிக்கொண்டேன்.

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

மார்ச் 10, திங்கள்

என்ன எழுதியிருக்கிறேன் என்று வீட்டுக்காரி கேட்டாள். மழை வரும்போல் இருக்கிறது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

பெயிண்ட் கடைக்காரரிடம் விசாரித்தேன், யாருக்காகவோ கேட்பதுபோல.

"பிளாஸ்டிக் ஓட்டுல தின்னரா? உள்ளுக்குள்ள வெந்துடும்ணே. வெளிய பளபளன்னுதான் இருக்கும். அடி பட்டா அப்பளம்தான்."

அன்று பெயிண்ட் பிடிப்பதற்காக, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து அவன் ஹெல்மெட்டை மூன்று தடவை அழுத்தித் துடைத்தேன். இரும்புக்குத் தின்னர் குளியல் மாதிரி. எனக்குத் தெரிந்தது இரும்பு மட்டும்.

துடைக்காமல் இருந்திருந்தால் காது பிழைத்திருக்குமா? யாருக்குத் தெரியும்? தெரியாது என்பதுதான் அறுக்கிறது. என் ஹெல்மெட்டையும் அதே துணியால்தான் துடைத்தேன். அது எதிலும் மோதவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

மச்சினன் பையோடு வந்தான். உள்ளே இரண்டு வெள்ளை ஹெல்மெட்.

"மாமா, அதே சிவப்பு. ஒரு நூல் கூடக் குறையக் கூடாது."

கை வலிக்கிறது என்றேன்.

"பேனா புடிச்சுப் புடிச்சு வலியா? படிச்ச கை இனிமே பெயிண்ட் அடிக்காதோ?" என்று சிரித்தான். "பரவாயில்ல. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட குடுத்துடறேன்."

பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் வாசல்ல நின்னு கையாட்டினேன். கையாட்டினேனே! அந்தப் பெயிண்டரும் தின்னர் போட்டுத்தானே துடைப்பான். அதே தலை. மறுபடியும் அதே தலை. என்ன மனுஷன் நான்?

மார்ச் 16, ஞாயிறு

காலையிலேயே அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய வலது பக்கமாக உட்கார்ந்து சொன்னேன். பெயிண்ட் அடிக்கக் கூடாதாம், தின்னர் படக் கூடாதாம், உள்ளே எழுதியிருக்கிறது, நான் இப்போதுதான் படித்தேன் என்றேன்.

கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்தான். பிறகு என் முழங்காலில் தட்டினான்.

"விடுங்க மாமா. உங்களுக்கு அப்போ படிக்கத் தெரியாது. நான் படிச்சவன்தானே? கையில வாங்கினவன் திருப்பிப் பாத்திருக்கணும். தப்பு என்னுது."

உடனே பெயிண்டருக்குப் போன் செய்து வேலையை நிறுத்தச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

தப்பு அவனுடையது இல்லை.

எழுதிவிட்டேன். மிச்சத்தையும் எழுதிவிட வேண்டும்.

உள்ளே இருந்தது சின்ன எழுத்து. வெளியே, பின்பக்கம், உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சிவப்பில் பெரிய எழுத்து. யார் கண்ணிலும் படும். பெயிண்டர் முதலில் செய்கிற வேலை, ஒட்டியிருப்பதை எல்லாம் உரிப்பது. மச்சினன் அன்று வெளியூரில் இருந்தான். டப்பாவைப் பிரித்ததே நான். இரண்டு மஞ்சள் தாளையும் நகத்தால் கிளப்பி உரித்தேன். உரிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு பெரிசா போட்டிருக்கானே, என்னமோ முக்கியம் போல, யாரையாவது கேட்போமா என்று யோசித்தேன்.

பக்கத்துக் கடையில் ஆள் இருந்தான். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாதது தெரிந்துவிடும். 'கண்ணாடி கொண்டு வரல' என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வருஷம் ஓட்டியவன் நான். அன்றைக்கு அந்தப் பொய் சொல்லக்கூடச் சோம்பலாக இருந்தது.

உரித்துக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

"யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"யோசிச்சேன் மாப்ளே."

அவன் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செவிட்டுக் காதை என் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் வேறு ஏதேதோ சொன்னேன். சுவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

மார்ச் 24, திங்கள்

"தம்பி ஏன் இந்தப் பக்கமே வரல? நீங்க ஏதாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

வேலையாக இருப்பான் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

வந்தான். கையில் அதே பை. வீட்டுக்காரி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அவள் போகும்வரை தெருமுனையில் நின்றிருந்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

வெள்ளை ஹெல்மெட் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தான். மஞ்சள் தாள் அப்படியே இருந்தது.

"படிங்க."

வலது காதை நீட்டினான். படித்தேன். நாலு வரிதான், மலை ஏறுவதுபோல் இருந்தது. இரண்டு இடத்தில் தடுக்கினேன். அவன் எடுத்துக் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவை."

மறுபடியும் படித்தேன். தடுக்கவில்லை.

"எனக்கு இன்னும் ஆறல மாமா" என்றான். "எப்ப ஆறும்னும் தெரியல. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வண்டி கிளம்புது. ரெடியா இருங்க. அப்புறம், அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை."

மார்ச் 30, ஞாயிறு

போய் வந்தோம். சிவப்பு வண்டி, இரண்டு வெள்ளை ஹெல்மெட். பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா, "கோழி முட்டை ரெண்டு போகுது பாரு" என்றாள். மச்சினன் தலையைக் குனிந்து அவளுக்கு வணக்கம் வைத்தான்.

என் இருக்கை அவனுக்கு இடப்பக்கம், செவிட்டுக் காதின் பக்கம். வழியெல்லாம் நான் பேசியது ஒன்றும் அவனுக்குக் கேட்டிருக்காது. கால்வாய் வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். என் தாடைக்கு அடியில் கையை நீட்டி, ஹெல்மெட் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது அவன் வீட்டில் இறங்கினோம். கண்ணாடி அலமாரியில் ஹெல்மெட் இருந்த இடம் காலி.

இப்போது மாலை நாலு மணி. வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து துணி மடிக்கிறாள். "இன்னைக்காவது என்னைப் பத்தி எழுதினீங்களா?" என்கிறாள். எழுதியிருக்கிறேன். நாற்பது நாள் அவள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்ததும் இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. மழை வரும் என்று சொல்லி ஏமாற்றிய பக்கமும் இதில்தான் இருக்கிறது.

துணியை மடித்து முடிக்கட்டும். பக்கத்தில் உட்காரச் சொல்லி, மார்ச் 4-லிருந்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்டப் போகிறேன். தடுக்கித் தடுக்கித்தான் படிப்பேன், பொழுது சாய்ந்துவிடும். அவள் என்ன சொன்னாள் என்பதை அடுத்த வாரம் இதற்குக் கீழேயே எழுதுகிறேன், அவள் சொன்னபடியே.