முன்னறை இருந்த இடம்

மார்ச் 3, திங்கள்

குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் பூசினேன். கொத்துக்கரண்டியைப் பிடித்தால் கை இன்னும் சொன்னபடி கேட்கிறது. கடைசி வீட்டுத் தபால்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கொத்தனாரே, சொந்த வீட்டுல வேலை செஞ்சா கூலி யாரு குடுப்பா?" என்றார். "மருமக டீ குடுப்பா" என்றேன். "அப்ப எனக்கும் ஒண்ணு. மேற்பார்வை பார்த்தேன்ல" என்று உட்கார்ந்துவிட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவன் நாட்குறிப்பு வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் விடமாட்டார். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். மனைவி போன பிறகு மனதுக்குள்ளேயே பேசிப் பேசி நெஞ்சு அடைத்துக்கொண்டது. "எங்கிட்ட சொல்லுங்க மாமா, எழுதி வைக்கிறேன். யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள். நல்ல பெண்.

சாயங்காலம் மகன் என் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவின் அகலத்தை அளந்தான். எதுக்குடா என்றேன். "சும்மாப்பா" என்றான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். சின்ன வயதில் அடித்தாலும் டேப்பைத் தொடாதவன், இப்போதாவது ஆசை வந்ததே.

மார்ச் 9, ஞாயிறு

டேப் எதற்கு என்று இன்று தெரிந்தது.

மத்தியானம் ஒரு உறுமல். அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வெளியே வந்தால் கறுப்பாக ஒரு வண்டி, எங்கள் முட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு வருகிறது. ஏறுவதற்குத் தனியாகப் படி. சக்கரம் என் இடுப்புக்கு வருகிறது. மேலே என் மகன். "எப்படிப்பா இருக்கு?" என்றான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது? "பளபளன்னு இருக்குடா" என்றேன். தபால்காரர் சுற்றிச் சுற்றி வந்து, "மாடி வீடு நல்லாருக்கு. மேல் போர்ஷன் வாடகைக்கு உண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்புறம் நிறுத்தினான். எங்கே? முன்னறை இருந்த இடத்தில்.

சொல்லித்தான் ஆகவேண்டும். முன்பு இந்தத் தெருவில் ஸ்கூட்டருக்கு மேல் எதுவும் நுழையாது. வளைவில் என் வீடுதான் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்கு மூச்சுத் திணறிய அன்று ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. கைவைத்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து நானும் மகனும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் முன்கால்களைப் பிடித்தான், நான் பின்கால்களை. மீசை அரும்புகிற வயது அவனுக்கு. தெருமுனை போய்ச் சேர்ந்தபோது தூக்கிக்கொண்டு வந்தது நாற்காலியைத்தான்.

காரியமெல்லாம் முடிந்ததும், தெருவை அகலமாக்க வீடு வீடாகப் போய் இடம் கேட்டேன். ஒருவர் படியைக் கொடுத்தார், ஒருவர் சுற்றுச்சுவரை. நான் முன்னறை முழுவதையும் இடித்தேன். அவள் கட்டில் கிடந்த அறை. எல்லா வீட்டுச் சுவரையும் உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்தேன். இனி இந்தத் தெருவில் ஒருத்தரையும் நாற்காலியில் தூக்கக்கூடாது என்பதற்காக.

அந்த இடத்தில் இப்போது கறுப்பு வண்டி நிற்கிறது. கதவைத் திறக்க இடம் விட்டுத் தள்ளி நிறுத்தியதில், பக்கத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம்.

மார்ச் 10, திங்கள்

மகன் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனான். வண்டி அங்கேயே நிற்கிறது.

மார்ச் 12, புதன்

இன்றும் ஸ்கூட்டர்தான். "ஏன்டா, வாங்கினது ஓட்டத்தானே?" என்றேன். "தினமும் எடுத்தா சம்பளம் பூரா பெட்ரோல் பங்குக்குத்தாம்பா. ஞாயித்துக்கிழமை எடுப்பேன்." ஆறு நாள் நிற்பதற்கும் ஒரு நாள் ஓடுவதற்கும் ஒரு வண்டி! ஓடும்போது குடிக்கிறது, நிற்கும்போது தெருவைத் தின்கிறது.

மெயின் ரோட்டில் நிறுத்தேன்டா என்றேன். கீறல் விழுமாம்.

"தெரு எல்லாருக்கும் பொதுடா."

"நானும் அந்த எல்லார்ல ஒருத்தன்தானே?"

சாமர்த்தியமான பதில்.

மார்ச் 16, ஞாயிறு

முடி வெட்டும் கடையில் எதிர்வீட்டுக்காரர் இருந்தார். அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பிவிடுவார். "முழங்கால் இப்ப தேவலையா?" என்றார். என் முழங்காலுக்கு என்ன?

"உங்க பையன் சொன்னானே. அப்பாவுக்குக் கால் மடக்க முடியல, சின்ன காருல குனிஞ்சு ஏற முடியாது, அவருக்காகத்தான் பெரிய வண்டின்னு. அதனாலதான் நாங்களும் வாயை மூடிட்டு இருக்கோம்."

நான் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறவில்லை. போன மாதம்தான் சாரத்தில் ஏறி ரேடியோ வீட்டு ஜன்னலுக்கு மேலே பூசிக்கொடுத்தேன். அதையும் அவரிடமே சொன்னேன். அவர் சிரித்தார். கத்தரிக்கோலின் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னார்: "அட விடுங்க. ஆனா ஒண்ணு, அன்னிக்கு எல்லார் சுவரையும் இடிக்க வச்சீங்களே, அப்பவே பையனுக்குன்னு கணக்குப் போட்டுத்தானோ?"

பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன்.

மகன் வெளியே போயிருந்தான். "என் முழங்கால் கதை உனக்குத் தெரியுமாம்மா?" என்று மருமகளைக் கேட்டேன். இதோ, இந்த இடத்தில் பேனா நிற்கிறது. நானும் நிற்கிறேன். சொல்லும்மா. — "தெரியும் மாமா" என்கிறாள். வண்டி வருவதற்கு முன்னாலேயே தெரியுமாம். அப்படியானால் நாற்காலியைப் பற்றியும் முன்னறையைப் பற்றியும் நான் சொல்லச் சொல்ல எழுதினாளே, அப்போதும் தெரியும்.

அதையும் எழுது.

மார்ச் 17, திங்கள்

இன்று எழுத வேண்டாம் என்றேன். "வேண்டாம்னு சொன்னதையாவது எழுதட்டுமா மாமா?" என்றாள். எழுதிக்கோ.

மார்ச் 27, வியாழன்

பல நாள் வாய் திறக்கவில்லை. இன்று சொல்லாவிட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும்.

காலை பத்து மணிவாக்கில் தையல்காரம்மா ஓடி வந்தாள், தபால்காரர் சம்சாரம். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, என் கையைப் பிடித்து இழுக்கிறாள். போய்ப் பார்த்தால் தபால்காரர் தரையில் கிடக்கிறார். முகம் சிமெண்ட் நிறம். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. வளைவுவரை வந்தது. வந்து, நின்றது.

சாவி மகனிடம். மகன் வேலையில். நாலைந்து பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். அது ஊளையிட்டதே தவிர அசையவில்லை.

அப்புறம் என்ன... நாற்காலிதான். ரேடியோ பின்கால்களைப் பிடித்தார். நான் முன்கால்களை. என் மகன் பிடித்த பக்கம். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலி போகவில்லை. சாய்த்துப் பிடித்து, என் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, அய்யோ, நான் கட்டின சுவர்டா அது, என் கையால கட்டினது!

உயிர் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். தையல்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 28, வெள்ளி

மகனிடம் கேட்டேன். கத்தவில்லை.

"அஞ்சு நிமிஷம்தானேப்பா. ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல" என்றான்.

"நீதானேடா அன்னிக்கு முன்காலைப் பிடிச்ச?"

அவனுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. "பிடிச்சேன். அதனாலதான் வாங்கினேன். அன்னிக்கு நம்மகிட்ட ஒரு வண்டி இருந்திருந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்போமா? இனிமே எவன் வண்டிக்கும் காத்திருக்க மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணேன். திருடல, உழைச்சு வாங்கினேன். ஒரு வண்டி வச்சுக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? தெருவே கூடி உத்தரவு குடுக்கணுமா?"

"வாங்கினதைச் சொல்லலடா. நிறுத்தின இடத்தைச் சொல்றேன். சரி, என் முழங்கால் எதுக்கு நடுவுல?"

"நாலு பேர் கேட்டாங்க. ஏதாவது சொல்லணும்ல."

"எனக்கு ஆசை, வாங்கினேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ஆசை என்று என்னிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? முதல் கரண்டி வாங்கிய அன்று நானும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

நாற்காலியைப் பற்றி அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் குத்துகிறது. ஒரே நாற்காலியை இரண்டு பேர் தூக்கினோம். இறக்கி வைத்தபோது நான் தெருவை நினைத்தேன், அவன் வண்டியை நினைத்திருக்கிறான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறோம். எனக்கு இது தெரியாது.

மருமகளே, மெதுவாக எழுதுகிறாயே. உன் புருஷன் சொன்னதையும் ஒன்று விடாமல் எழுது. அவன் பக்கமும் இருக்கட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

இடம் என் பேரில்தான் இருக்கிறது. விடியற்காலை அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் நூல் பிடித்தேன், பழைய சுவர் இருந்த கோட்டில். முன்னறையை மறுபடி எழுப்பிவிட்டால் வண்டி எப்படி நிற்கும், பார்த்துவிடலாம் என்று. நூலைக் கட்டிவிட்டுத் தூரப் போய் நின்று பார்த்தேன். தெரு மறுபடி குறுகலாகத் தெரிந்தது. சுவருக்கு ஆள் தெரியாது. மகன் வண்டியை மறிக்கிற சுவர் ஆம்புலன்ஸையும்தான் மறிக்கும்.

நூலை அவிழ்த்துச் சுற்றி வைத்தேன். இந்தக் கைக்குத் தெரிந்தது கட்டுவதும் இடிப்பதும்தான். இரண்டும் இங்கே உதவவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகனும் மருமகளும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போனார்கள். நான் பரணிலிருந்து மனைவியின் மடக்குக் கட்டிலை இறக்கினேன். தூசி தட்டி, காலி இடத்தில் விரித்து, படுத்தேன். தலைமாடு முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். கூரை இல்லை, சுவர் இல்லை. ஆனாலும் அறை அளவு எனக்குத் தெரியும்.

பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். அப்பனைப் பார்த்து ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். ரேடியோ வீட்டு ஜன்னல் திறந்தது.

"எழுந்திரிங்கப்பா. மானம் போகுது."

"யாருக்காவது மூச்சுத் திணறுதா? சொல்லு, எழுந்துக்கறேன். கட்டிலை மடக்க ஒரு கை போதும். உன் வண்டியை மடக்க முடியுமா?"

மருமகள் இறங்கி, என்னைத் தாண்டி, தலைகுனிந்து உள்ளே போனாள். அவன் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பகலிலும் கட்டில்தான். தபால்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், மெலிந்து. கால்மாட்டில் உட்கார்ந்து, "மாடி வீடு காலி பண்ணிட்டாங்களா? இது என்ன, ஒத்தை ரூமா?" என்றார். சிரிக்கப் போய் இருமினார். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மெயின் ரோட்டில் வண்டிக் கதவில் நீளமாக ஒரு கீறல். வந்து சொன்னான்: "உங்களுக்கு வண்டி பிடிக்காம இல்லப்பா. நான் நல்லா இருக்கறதுதான் பிடிக்கல."

ஏப்ரல் 26, சனி

மருமகள் இன்று ரொம்ப அழகாக எழுதுவதுபோல் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வரிசை பிசகாமல் செங்கல் அடுக்கியதுபோல் இருந்தது. என்னம்மா விசேஷம் என்றேன். ஒன்றுமில்லை மாமா என்றாள்.

மே 4, ஞாயிறு

இன்று எழுதுகிறவள் தையல்காரம்மா. எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது, ஒரு பக்கத்துக்குள் எதுவும் அடங்கவில்லை.

காலையில் ஒரு லாரி வந்து தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "பெரியவரே, கட்டிலைக் கொஞ்சம் எடுத்தா உள்ள வந்துடுவேன்" என்றார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். என் வீட்டைக் காட்டினார்.

வேறு வீடு பார்த்திருக்கிறார்கள். கீழே வண்டி நிறுத்தத் தனி இடம் இருக்கிறதாம். எப்போது பார்த்தார்கள், எப்போது பேசி முடித்தார்கள், தெரியாது. போன வாரம்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போது நோட்டை என் கையில் கொடுத்தாள். பேனாவையும். மகன் லாரிக்காரரிடம் மட்டும் பேசினான்.

"அய்யோ, இதையும் எழுதணுமாண்ணே?" என்கிறாள் தையல்காரம்மா. எழுதும்மா.

நான் எழுந்தேன். ஒரு கையால் கட்டிலை மடக்கினேன். லாரி வளைவில் தட்டாமல் திரும்பி, நேராக வாசல்வரை வந்தது. இரண்டு பக்கமும் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. பீரோ ஏறியது, மெத்தை ஏறியது, கைவைத்த நாற்காலியும் ஏறியது. அதை மட்டும் மகன் தானே தூக்கிக்கொண்டு போனான், யாரையும் தொடவிடவில்லை.

கட்டிலை மறுபடி விரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நிற்கிறது.