மூக்கால் பேசும் பேயும் பாடநூல் குழுவும்

கிருஷ்ணநகர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் புல்டிக்கு,

அப்பா எழுதுவது. காளி மாதாவின் தயவில் இங்கே எங்கள் இருவருக்கும் முட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுது. அம்மாவின் கதை பாடநூலில் வருமா வராதா என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் மற்ற வேலையை எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் எழுதும் விதம் உனக்குத் தெரியாததா. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து வாசிப்பாள். எவனாவது காலைச் சொறிந்தால் அந்த வரியை அடித்துவிடுவாள். பெரிய வார்த்தை ஏதாவது வந்துவிட்டால் தொண்டையில் மீன்முள் சிக்கினதுபோல முகம் சுளிப்பாள். உன் சின்ன அத்தையை ஒரு கதையில் கொக்காகப் போட்டதிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் நம் வீட்டில் வாய் திறப்பதில்லை, அந்த மட்டும் எனக்கு நிம்மதி. ஆனாலும் இத்தனை வருஷம் எழுதியும் ஒரு கதைகூடப் பள்ளிப் புத்தகத்தில் ஏறவில்லையே என்ற ஏக்கம் அவளுக்கு உண்டு. பாடநூல் குழுவிலிருந்து த்விஜேன் பாபு வருகிறார் என்றதும் பெட்டியிலிருந்து சிவப்புக்கரைப் புடவையை எடுத்தாள் பார், அப்போதுதான் எனக்கே அது புரிந்தது.

வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேட்டியைப் போலவே பேச்சிலும் கஞ்சி போட்டிருந்தார். மீன் திருடும் பேய்க் கதையை மூன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறோம், சிறு திருத்தங்கள் மட்டும் என்றார். பேய் திருடக் கூடாதாம், பள்ளிக்கூடம் போய்ப் பாஸாக வேண்டுமாம். நம் ஊர்ப் பேய்கள் மூக்கால் பேசுவதை எழுத்துப்பிழை என்று நினைத்து வரிக்கு வரி திருத்தியிருந்தார். முடிவில் "திருடுவது பாவம்" என்று ஒரு நீதி வேறு. துடைப்பத்தைத் தேடப்போகிறாள் என்று நான் பயந்திருக்க, உன் அம்மாவோ, "அதுக்கென்ன, தாராளமா மாத்துங்க. ஆனா ஞாயித்துக்கெழம நீங்களே புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டிருங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என் செருப்புக்குள் தயிரை ஊற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பு.

ஞாயிறன்று மனிதர் கணீரென்று வாசித்தார். பேய் பாஸானதும் பக்கத்து வீட்டு டேப்பி எழுந்து, "அப்ப அது இனிமே என்னதான் திங்கும் தாத்தா?" என்றாள். காய்கறி என்றார். "காய்கறி தின்னுட்டுப் படிச்சுக்கிட்டே இருக்குமா? அது பேய் இல்ல, எங்க பெரியப்பா" என்றாளே பார்க்கலாம். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பட்டம் விட நழுவின. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒக்காருங்கடா! பேய் எப்படிப் பேசும்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்று அதட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒங்ரு துங்ண்டு மீங்ன் குங்டேன்" என்றார். டீக்கோப்பை என் கையிலிருந்து நழுவிவிட்டது, அவ்வளவு அசல்! சின்ன வயதில் தம்பியை அப்படித்தான் பயமுறுத்துவாராம். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவரை விட்டால்தானே.

பிறகு லூச்சி சாப்பிடும்போது குரல் இறங்கிப்போய், "நீங்க எழுதினபடியேதான் எனக்குப் புடிச்சிருக்கும்மா. ஆனா நீதி இல்லேன்னா குழுவுல கதையவே தூக்கிருவாங்க" என்றார். உன் அம்மா அந்தச் சிவப்புக்கரையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசியில், "நீதி இருக்கட்டும், ஒரு எழுத்துகூடக் கொறைக்க வேணாம். ஆனா அத அந்தப் பேயே சொல்லட்டும், வாய் நெறைய மீன வச்சுக்கிட்டு" என்றாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. குழுவில் நீதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்களாம். இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இப்போது புத்தகம் வந்துவிட்டது. நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும், "திங்ருடுவது பாங்வம்!" என்று கத்திக்கொண்டே ஒருத்தன் கொய்யாவை இன்னொருத்தன் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே வந்த ஆசிரியை, "வாய்ப்பாட்டைக்கூட மூக்காலதான் சொல்றாங்க மாஷிமா" என்று அம்மாவிடம் அழாக்குறையாக முறையிட்டாள். உன் அம்மா மிகுந்த வருத்தத்தோடு கேட்டுக்கொண்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த நீர் என்கிறாள். நானும் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்.

இருவரும் நூறு வயது நோய்நொடியின்றி வாழ வேண்டும். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, நான் எழுதுவதில் பாதி புளுகு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
சதீநாத்